ஹாருடோன் பறவைக்குப் பின்னால்

"வியாழன். விடியலில் மழை. பஸ் கால் மணி நேரம் தாமதம். ராஜி மத்தியான மணி அடிப்பதற்குள் இருநூற்றுப் பத்துப் பறவை வைத்துவிட்டாள். என் கணக்கு நூற்று எழுபத்தெட்டு. கேண்டீனில் கிச்சாப் கோழி. லீடர் இன்று யாரையும் திட்டவில்லை. பல்வலி என்று கேள்வி."

இது என் பழைய டைரியில் ஒரு பக்கம். டைரி கம்பெனி கொடுத்தது. புது டைரி எல்லாம் ஆபீஸ்காரர்களுக்கும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் போய்விடும். மீந்தவற்றை, அந்த ஆண்டு முடிந்து அவை யாருக்கும் பயன்படாமல் போனபிறகு, எங்களைப் போன்ற லைன் பெண்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். ஆகவே நான் ஓர் ஆண்டில் எழுதியது எல்லாம் அதற்கு முந்திய ஆண்டின் டைரியில். அச்சடித்த கிழமை ஒன்று, வெளியே நடக்கும் கிழமை ஒன்று. எனக்குத் தேதிப் பித்து அப்போதே உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சுக் கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையைப் பேனாவால் எழுதினேன். அட்டையில் இருந்த ஆண்டை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. அது பொன்னிற எழுத்து. பக்கத்திலேயே ஒரு பொன்னிறப் பறவை. அழகைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அந்த ரசனைக்கு இப்போதுதான் தண்டனை கிடைத்தது. அது பிறகு.

சென்ற மாதம் ஒரு காலையில் கிள்ளானிலிருந்து போன் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதிவைத்திருக்கும் அந்த ராஜிதான்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சு. என்னா காலையிலேயே?"

"ஒன் டைரி இருக்குல்ல, பேக்டரி டைரி? வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"நான் எதத் தூக்கிப் போட்டிருக்கேன்?"

"அதான் தெரியுமே. பஸ் டிக்கெட்டையே அடுக்கி வச்சவளாச்சே நீ. அதுல என் பேரு இருக்கான்னு பாருடி."

"பாக்க வேற வேணுமா? பூரா நீதான்."

பிறகு கேட்டாள்.

"எந்தப் பேரு?"

அந்தக் கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டுமானால் நான் முதலில் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹாருடோன் என்ற பெயரை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில், ஒரே மாதிரி வெள்ளைக் கட்டடங்களாக நின்ற தொழிற்பேட்டையில் எங்கள் கட்டடம் கடைசி. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி செய்தோம். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி, நடுவில் கேசட் வாய், மேலே இழுத்தால் நீளும் ஏரியல், தூக்கிப் போகப் பிடி. இடது மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு உலோகப் பறவை. இறக்கையை மேலே தூக்கியிருக்கும். வாலிலிருந்து மூன்று வளைகோடுகள் கிளம்பும்; பறவை பாடிக்கொண்டே போகிறது என்று அர்த்தமாம். பாட்டு எப்படி வால் பக்கமாக வரும் என்று நான் கேட்டேன். வேலையைப் பார் என்றார்கள்.

அது என்ன பறவை என்பதிலும் கடைசிவரை ஒரு முடிவு ஏற்படவில்லை. நாங்கள் குருவி என்போம். மலாய்ப் பெண்கள் லாயாங்-லாயாங் என்பார்கள், தகைவிலான். எங்கள் லீடர் ஒரு சீன அம்மாள். அவளுக்கு அது கோழி. "ஆயாம் லா, ஆயாம்!" என்று மேசையைத் தட்டுவாள். ஜப்பானிலிருந்து ஒரு பெரியவர் வந்து லைனைச் சுற்றிப் பார்த்தபோது, நான் துணிந்து லீடரைவிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் குனிந்து பறவையைப் பார்த்தார், சிரித்தார், நீளமாக ஏதோ சொன்னார். லீடர் திரும்பி எனக்கு மொழிபெயர்த்தாள்: "கம்பெனி பறவை." நீளமாகச் சொன்னதில் மீதி என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடிக்குக் கீழே ஓர் அழகு நிலையம் இருக்கிறது. நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாசனை படிக்கட்டு வரை வரும். முற்றிய வாழைப்பழமும் ஊசி மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதைத் தாண்டும் போதெல்லாம் எனக்குப் பத்தொன்பது வயது ஆகிவிடுகிறது. எங்கள் பசையைத் துடைக்கும் தின்னருக்கும் அதே வாசனைதான். அதோடு ஈயம் பற்றவைக்கும் புகை, குளிர்சாதனக் காற்று, பக்கத்தில் இருப்பவளின் தலையில் வைத்த எண்ணெய். குளிர்சாதனம் எங்கள் வசதிக்கு என்று முதல் வாரம் முழுவதும் நினைத்து நன்றியோடு இருந்தேன். அது பாகங்களுக்காக என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வேலை பறவை வைப்பது. அதை வேலை என்று வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பறவையின் முதுகில் ஊசி போல இரண்டு கால்கள். பெட்டியின் முகப்பில் அதற்கு இரண்டு துளைகள். துளைகளுக்கு நடுவில் ஒரு சொட்டுப் பசை, கால்களைத் துளையில் விட்டு, கட்டைவிரலால் ஐந்து எண்ணும் வரை அழுத்தி, துணியால் ஓரத்தைத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பசையிடுவதற்கு முன் இன்னொன்று உண்டு. துளைகளுக்கு மேலே, பறவையின் இறக்கை மறைக்கும் இடத்தில், மஞ்சள் மெழுகுப் பென்சிலால் அவரவர் எண்ணை எழுத வேண்டும். கோணலாக ஒட்டிய பெட்டி திரும்பி வந்தால், பறவையைப் பெயர்த்து எண்ணைப் பார்த்து, யாரைத் திட்டலாம் என்று கண்டுபிடிப்பார்கள். என் எண் முப்பத்தொன்று. பக்கத்து ஸ்டூல் முப்பத்திரண்டு. அது ராஜி.

ராஜி இடக்கைக்காரி. எல்லோரும் வலது கட்டைவிரலால் அழுத்தினால் அவள் இடதால் அழுத்துவாள். அதனால் அவள் வைத்த பறவையின் வால் ஒரு மயிரிழை தூக்கியிருக்கும். ரிஜெக்ட் செய்யும் அளவுக்கு இல்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். லீடர் பெட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "ராஜி புன்யா பூரோங் மாவ் தெர்பாங்!" என்பாள். ராஜியின் பறவைக்குப் பறக்க ஆசை.

"என்னோடது பறக்கும், ஒங்களோடது முட்ட போடும்," என்று ராஜி தமிழில் பதில் சொல்வாள். லீடருக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பாள். மாலையில் கட்டைவிரலைப் பார்த்தால் தோலில் ஒரு சின்னப் பறவை பதிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும் வரை அது இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். ராஜி பசை விடப்போன பெட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன். முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு எழுத்து. பா.

"என்னாடி இது, பா?"

"பாட்டரி," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பறவையை வைத்து அழுத்தினாள். ஐந்து வரை எண்ணவேண்டிய இடத்தில் பத்து வரை எண்ணினாள்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"என் பேரு ராஜேஸ்வரி இல்ல. அது எங்கக்கா பேரு. நான் பாக்கியம்."

நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதாவது அசட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

"யார்கிட்டயும் ஒளறாத. நாள் பூரா அவ பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. கழுத்துல தொங்குற கார்டுலயும் அவ பேரு. எங்கயாச்சும் ஒரு எடத்துல நான் இருக்கணும்ல? அதான்."

கதை சாதாரணம். ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பம். அக்கா தோட்ட ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கிளார்க்கே பதிவு செய்துவிட்டார். தங்கை பிறந்தது வெள்ளத்தின்போது வீட்டிலேயே. அப்பா பதியப் போகிறேன், போகிறேன் என்று ஒவ்வொரு சம்பள வாரமும் சொன்னார். போகவில்லை. அக்காவுக்கு நீல அடையாள அட்டை, குடியுரிமை. தங்கைக்குச் சிவப்பு அட்டை, இங்கே தங்கியிருக்கலாம் என்பதற்கு மட்டும். தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது நீல ஐ.சி. என்றால் உடனே வேலை, சிவப்பு என்றால் தனியாக அனுமதித் தாள் வேண்டும் என்றார்கள். அக்கா அதற்குள் கல்யாணமாகிச் சாலாக் செலாத்தான் போய்விட்டாள். தங்கை அங்கே போய், ஒரு நாளைக்கு என்று அட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். படத்தில் இருந்தது இரட்டைச் சடை போட்ட பன்னிரண்டு வயதுப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி. ஆள் எடுத்தவர் படத்தைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

அட்டை மறுநாளே அக்காவிடம் திரும்பிப் போனது. பெயர்தான் திரும்பிப் போகவில்லை. ஏழு ஆண்டுகள்.

இதைத் தப்பு என்று அன்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருக்கும், யாருக்கு அவசரமோ அவர் எடுத்துப் போவார். நீல அட்டையும் அப்படித்தான் சில வீடுகளில் இருந்தது. எங்கள் லைனிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்றைய டைரிப் பக்கத்தை இப்போது புரட்டிப் பார்த்தேன். "வெள்ளி. ராஜி இன்று ஒரு விஷயம் சொன்னாள். எழுத மாட்டேன்." அவ்வளவுதான். லீடரின் பல்வலியை எழுதியவள், கிச்சாப் கோழியை எழுதியவள், இதை எழுதவில்லை. அப்போது அதைப் பெரிய விசுவாசமாக நினைத்துப் பெருமைப்பட்டிருப்பேன். அடுத்த நாளும் ராஜி, அதற்கடுத்த நாளும் ராஜி.

முதல் ஆண்டு முடிவில் ஊழியர் விலைக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அப்பா அதை அலமாரிக்கு மேல் வைத்து, மேலே ஒரு லேஸ் துணி போட்டார். துணி பறவையை மறைத்தது. அம்மா அதை மடித்து விட்டாள். "பொண்ணு ஒட்டின குருவி, மூடினா எப்படி?" வீட்டுக்கு வந்தவர்களிடம் ரேடியோவைக் காட்டாமல் பறவையைத்தான் காட்டுவார்கள். இது நான் ஒட்டியதுதானா என்று எனக்கே தெரியாது. லைனில் பறவை வைத்தவர்கள் ஆறு பேர். ஆனாலும் நான் மறுக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையில் அப்போது ஒரு மின்சாமான் கடை இருந்தது. மாடி உயரத்துக்கு ஹாருடோன் பலகை. மாலையில் விளக்கு எரியும். வாலின் மூன்று கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். நானும் ராஜியும் சம்பள நாளில் அங்கே வந்து எதிரே நின்று பார்த்துவிட்டு, வடை வாங்கித் தின்றுகொண்டே போவோம். நகம் அளவுப் பறவையை நாள் முழுவதும் பார்த்தவர்களுக்கு, லோரி அளவுப் பறவையைப் பார்ப்பதில் என்ன ஆனந்தம் என்று கேட்காதீர்கள். "அதுக்குப் பின்னாடி எழுதணும்னா எவ்ளோ பெருசா எழுதலாம்!" என்றாள் ஒரு முறை. நான் சிரித்தேன்.

பறவை எப்போது செத்தது என்பதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இது எனக்குப் பெரிய குறை. முதலில் உலோகப் பறவை பிளாஸ்டிக் ஆயிற்று. பிறகு அச்சடித்த ஸ்டிக்கர். கட்டைவிரல்களுக்கு வேலை போயிற்று. பிறகு வாலின் மூன்று கோடுகள் ஒன்றாயின. யாரோ கம்பெனியை வாங்கினார்கள், பெயரை மட்டும் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள், பிறகு பெயரையும் விட்டார்கள். அதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். பாக்கியம் கல்யாணமாகிக் கிள்ளான் போய்விட்டாள். தொழிற்சாலை மூடிய நாளைத் தேடி நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டினேன், ஒரு வரி கூட இல்லை. இணையத்தில் ஹாருடோன் என்று போட்டால் ஏதோ தலைமுடிச் சாயம் வருகிறது. அந்தக் கட்டடம் இப்போது சாமான்கள் அடுக்கும் கிடங்கு. காவலாளியாக ஒரு தமிழ்நாட்டுத் தம்பி, வேலை பெர்மிட்டில் வந்தவர். முன்பு இங்கே என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டேன். "தெரியாதுங்க மேடம், நான் வந்தே எட்டு மாசம்தான் ஆச்சு," என்றார். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது!

இப்போது அந்த போனுக்கு வருகிறேன்.

பாக்கியத்தின் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் மூன்று பேருக்கும் அப்பா வழியில் நீல அட்டை. பேரப்பிள்ளைகளுக்கும் நீலம். வீட்டில் சிவப்பு அவளிடம் மட்டும்தான். குடியுரிமைக்கு இரண்டு முறை எழுதிப்போட்டாள். இரண்டு முறையும் காரணம் சொல்லாமல் இல்லை என்று கடிதம் வந்தது. மூன்றாவது முறை போடும்போது, விண்ணப்பப் பாரத்தில் வேலை செய்த இடங்கள் என்ற கட்டத்தில் இந்த ஏழு ஆண்டுக்கு வேலை எதுவும் காட்டாததை யாரோ சுட்டிக்காட்டி, ஏதாவது ஆதாரம் இருந்தால் சேர்த்துக் கொடுக்கலாமே என்றார்களாம்.

"சாவுறதுக்குள்ள நீல கார்ட ஒரு தடவ கையில புடிச்சுப் பாத்துடணும்டி," என்றாள் போனில். "எம்பேத்தி சின்ன வயசுலேயே வாங்கிட்டா. எங்கிட்ட வந்து பாட்டி ஒன்னுது ஏன் வேற கலருன்னு கேக்குறா."

டைரியைப் பையில் போட்டுக்கொண்டு நானும் அவளோடு பதிவிலாகா கவுண்டருக்குப் போனேன். எங்கள் எண் வரும் வரை இரண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மிகவும் தன்மையானவள். "மக்சிக்" என்று எங்களை அத்தை முறை வைத்தே கூப்பிட்டாள்.

கம்பெனிக் கடிதம் உண்டா என்று கேட்டாள். கம்பெனியே இல்லை என்றேன். அந்தப் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நான் டைரியை நீட்டினேன். அட்டையில் இருந்த பறவையைப் பார்த்து, "சந்தேக்!" என்றாள், அழகு என்று. எனக்கு ஒரு நிமிடம் எல்லாம் நடந்துவிடும் போலத் தோன்றியது. பிறகு அவள் அட்டையில் இருந்த ஆண்டைப் படித்தாள். உள்ளே திருத்திய கிழமைகளைப் பார்த்தாள். இது எந்த ஆண்டு எழுதியது என்று கேட்டாள். போன ஆண்டு டைரியில் இந்த ஆண்டு எழுதும் வழக்கத்தை என் அரைகுறை மலாயில் நான் விளக்க விளக்க, அது எனக்கே பொய்யாகக் கேட்டது. ஒரு பொன்னிற எண்ணை அடித்துவிட்டு மேலே எழுதியிருக்கலாம். அழகு பார்த்தேன்.

ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொன்னாள். விரலை வைத்து மலாயில் சொல்லிக்கொண்டே போனேன். வியாழன், மழை, பஸ் தாமதம், ராஜி இருநூற்றுப் பத்து.

"ராஜி சியாப்பா?" ராஜி யார்?

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சிவப்பு அட்டை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண்ணின் கைக்கு அருகில் இருந்தது. இவள்தான் ராஜி என்று சொன்னால் ஏழு ஆண்டில் ஓர் ஆண்டாவது நிரூபணம் ஆகும்; அக்காவின் அட்டையில் வேலைக்குச் சேர்ந்ததும் அதே வாக்கியத்தில் நிரூபணம் ஆகும். சொல்லாவிட்டால் என் டைரியில் அவள் இல்லவே இல்லை. முன்னூற்று அறுபத்தைந்து பக்கம், ஒரு பக்கத்தில்கூட இல்லை.

"காக்கா சாயா," என்றாள் பாக்கியம். என் அக்கா.

பொய்யில்லை, பாருங்கள். அந்தப் பெண் தலையை ஆட்டி, டைரியை இரண்டு கையாலும் மூடி, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். "நான் அன்னிக்கு எழுதியிருக்கணும்," என்றேன். "எழுதியிருந்தா அன்னிக்கே என்னப் புடிச்சிருப்பாங்க, விடு," என்றாள். பஸ் வந்து நின்றதும், "பறவைக்கு அடியில எழுதினனே, அது இருக்கும்ல?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாலாக் செலாத்தான் போனோம். கல்யாணத்துக்கு எதுவும் கொடுக்க முடியாமல் போனதற்கு ஈடாகப் பாக்கியம் அக்காவுக்கு ஊழியர் விலையில் வாங்கிக் கொடுத்த பெட்டி அங்கே இருந்தது. ராஜேஸ்வரி அக்காவுக்கு எழுபதை நெருங்கும் வயது, வாய் மட்டும் குறையவில்லை. ஐந்து ஆண்டு சேவைக்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். மேலே பறவை, நடுவில் அவள் பெயர்.

"நான் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. எனக்கு சர்டிபிகேட்டு! நல்ல ஒழைப்பாளின்னு வேற போட்டிருக்கான். எம்புருஷன் உசுரோட இருந்த வரைக்கும் இதப் பாத்துப் பாத்துச் சிரிப்பாரு."

சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏண்டி, இத இப்பத் தோண்டினா எனக்கு ஏதாச்சும் வருமா? என் நீல கார்டப் புடுங்கிட மாட்டாங்களே?"

"வராதுக்கா," என்றாள் பாக்கியம். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஸ்டோர் அறையிலிருந்து பெட்டியை எடுத்துத் துடைத்தோம். அவசரத்தில் வால் தூக்கியிருக்கிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. பசை காய்ந்து கல்லாகியிருந்தது. மெல்லிய கத்தியை விட்டு நான்தான் நெம்பினேன், பழகிய கை என்ற திமிரில். டிக் என்று ஒரு சத்தம். பறவை வந்தது; ஒரு கால் துளைக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. மஞ்சள் மெழுகு அப்படியே இருந்தது, நேற்று எழுதியது போல. முப்பத்தொன்று.

நான்தான். பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. எனக்கு எழுத வேண்டிய தேவை இருந்ததில்லையே.

பாக்கியம் சிரிக்க ஆரம்பித்தாள். "நாப்பது வருசம் ஒன்னய வீட்டுல வச்சு சோறு போட்டிருக்கா எங்கக்கா!" நானும் சிரித்தேன். முறிந்த பறவையை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுபடி ஒட்ட வழியில்லை.

அதற்குப் பிறகு பழைய சாமான் கடைகளில் தேடினேன். செராஸில் ஒன்று கிடைத்தது. அது ஸ்டிக்கர் காலத்துப் பெட்டி. கடைசியில் பாக்கியமே கண்டுபிடித்தாள். கிள்ளானில் அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை. இருபது ஆண்டாக ரொட்டி வாங்கும் கடை. கல்லாவுக்கு மேலே, பழைய காலண்டர்களுக்கும் மசாலா டின்களுக்கும் நடுவில், ஒரு ஹாருடோன். "அண்ணாந்து பாக்கவே இல்லடி நான்," என்றாள்.

மதிய நெரிசல் ஓய்ந்த நேரமாகப் போனோம். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "வாங்கக்கா, என்னா தண்ணி?" இரண்டு தேத்தண்ணி சொல்லிவிட்டு, பெட்டியை ஒரு நிமிடம் இறக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டோம். இறக்கிக் காட்டினார்.

"எங்க வாப்பா வாங்கினது. ஊர்லேருந்து வந்து, கட போட்டு, மொத மொத வாங்கின சாமான். இப்பப் பாடாது. ஆனாலும் வச்சிருக்கோம்."

பாக்கியம் பெட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள், லீடர் பிடிப்பாளே, அதே போல. பிறகு என்னிடம் நீட்டினாள். வால் ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. அவள் இடது கட்டைவிரலைப் பறவைமேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. எந்தக் கட்டைவிரலும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, இந்தப் பறவைய மட்டும் கழட்டிப் பாத்துட்டு வச்சிடவா?" என்றேன்.

"ஐயோ, வெளாடாதீங்கக்கா லா. வாப்பா தெனம் கட தொறக்கும்போது அந்தக் குருவியத் தொட்டுட்டுத்தான் கல்லாவுல ஒக்காருவாரு. அதையும் கழட்டிட்டா என்னா இருக்கு, வெறும் பொட்டிதானே."

"நாங்க ரெண்டு பேரும் இந்த வேலதான் செஞ்சோம். இத ஒட்டினதே..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். எந்தப் பெயரைச் சொல்வது?

"அப்படியா!" என்று அவர் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். "அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. ஒடையாம எடுக்க முடியுமா? முடியும்னா எடுத்துக்குங்க."

கைப்பையில் டிஷ்யூவுக்குள் ஒற்றைக் காலோடு ஒரு பறவை கிடந்தது. முடியும் என்று சொல்ல வாய் வரவில்லை. பாக்கியம் பெட்டியை வாங்கி, ஓரத்தைத் தன் முந்தானையால் ஒரு முறை துடைத்து, அவரிடம் கொடுத்தாள்.

"மேல வச்சிடுங்க தம்பி. பத்திரமா இருக்கட்டும்."

தேத்தண்ணிக்கு அவர் காசு வாங்கவில்லை. வெளியே வந்து, "கழட்டிப் பாத்திருந்தாலும் கவுண்டர்ல காட்ட முடியாதே," என்று ஆறுதல் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா? நான் பாக்கணும்னு நெனச்சேன், அவ்ளோதான்," என்றாள். பிறகு மீன் வாங்க பாசாருக்குப் போக வேண்டும் என்று நடந்துவிட்டாள்.

மூன்றாவது விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. அந்த ஏழு ஆண்டுக் கட்டத்தில் போன முறைகளைப் போலவே "வீட்டில் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறாள். நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. டைரி என் அலமாரியில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பலகை போய்விட்டது, அது இருந்த சுவரும் போய்விட்டது. லீடர் இருக்கிறாளா என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாக்கியம், ராஜேஸ்வரி என்று இங்கே நான் எழுதியிருப்பவை அவர்களுடைய பெயர்கள் அல்ல. விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது பெயரை அச்சில் போடாதே என்று அவளே கேட்டுக்கொண்டாள். மெழுகுப் பென்சிலால் அவள் எழுதிய எழுத்தும் பா அல்ல, வேறு. ஆக, இந்த முறையும் அவளை நான் இன்னொரு பெயரில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

கிள்ளானில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் கல்லாவுக்கு மேலே இருக்கும் ஹாருடோன் பெட்டியில், வால் தூக்கிய பறவைக்குப் பின்னால், முப்பத்திரண்டு என்ற எண்ணும் அதன் அருகே ஓர் எழுத்தும் இருப்பதாக அவள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. இதுவரை சரிபார்க்கப்படவில்லை.